கழுதை என்று திட்டியவர் கொடுத்த அச்சு

கால்டர் துறை, ஒஹையோ
9 பிப்ரவரி 1857, திங்கள்

அன்புள்ள எஸ்ராவுக்கு லவீனியா எழுதுவது. கடவுள் அருளால் நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா?

வியாழக்கிழமை மசோதா வாக்கெடுப்புக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கக் கூடாது என்ற அந்த மசோதாவை ஆதரித்து நீங்கள் சட்டசபையில் பேசியதற்காகத்தான் கும்பல் நம் பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை ஆற்றில் தள்ளியது. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். இப்போதும் யாராவது கதவைத் தட்டினால் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். ஆனால் அதன்பின் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை சர்ச் பெண்கள் பதினோரு பேர் மாவுச் சல்லடையோடு கரைக்கு வந்து, சேற்றில் கிடந்த ஈய அச்செழுத்துகளைச் சலித்து எடுத்தார்கள். அவற்றை நம் சூப்புப் பானையில் கழுவினோம். இனி அதில் சமைக்க முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று மாலை எதிர்க்கட்சிப் பத்திரிகை ஆசிரியர் டட்டில் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இதோ பாரும்மா, உன் புருஷன் கழுதைதான். நாலு வருஷமா எழுதுறேன், இன்னமும் எழுதுவேன். ஆனா திருப்பித் திட்ட அவனுக்குப் பத்திரிகை இல்லேன்னா எனக்கு என்ன மரியாதை? புதன்கிழமை என் அச்சு சும்மாதான் கிடக்கு. வந்து அடிச்சுக்கோ" என்றார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அழுதுகிழுது வைக்காதே, காகிதம் நனையும்" என்று போய்விட்டார். போன புதன்கிழமை அங்கேதான் அடித்தோம். பக்கத்து மேசையில் உங்களைத் திட்டும் அவருடைய தலையங்கம் காய்ந்துகொண்டிருந்தது. இந்த முறை கொஞ்சம் நன்றாகவே திட்டியிருக்கிறார்.

எஸ்ரா, இத்தனை பேரும் நம் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் நீங்கள் பயப்படாமல் பேசியதுதான். அப்படிப்பட்டவருக்கு மனைவியாக வாய்த்ததற்குத் தினமும் நன்றி சொல்கிறேன். இதை நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்.

இன்னொன்று. டட்டிலின் அச்சு புதன்கிழமைதான் கிடைக்கும் என்பதால், சனிக்கிழமை இதழை நாளை மறுநாளே, வாக்கெடுப்புக்கு முந்தின நாளே, அடித்தாக வேண்டும். அதனால் முதல் பக்கத்துக்கு இன்றே எழுத்துக் கோத்துவிட்டேன். 'நம் உறுப்பினர் எஸ்ரா விட்கோம் எழுந்து நின்று மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்' என்று தலைப்பு. நம் பத்திரிகை இதுவரை பொய் அச்சிட்டதில்லை. கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும். வெள்ளிக்கிழமை வாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
லவீனியா