உலர்களத்தின் கூரை

அனுப்புநர்:
சூ. ஞானசெல்வி,
தலைமையாசிரியை (ஓய்வு),
செம்பாறைப்பட்டி, ஆவூர் அருகில்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: மாங்காய் வற்றல் காயவைக்கக் கட்டித்தரப்பட்ட களத்தில் வெயில் விழாதது – கூரையை அகற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடும்பத்துக்கு என் பாட்டனார் வைத்த மாந்தோப்பு ஒன்று உண்டு. பழுக்க விடுவதில்லை. காயாகவே பறித்து, நறுக்கி, உப்பில் ஊறவைத்து, தோப்பை ஒட்டிய புறம்போக்குப் பாறையில் காயவைத்து வற்றலாக விற்கிறோம். மூன்று தலைமுறையாக இதற்கு நாங்கள் பயன்படுத்திய இயந்திரம் சூரியன் ஒன்றே. அது பழுதானதாக இதுவரை புகார் இல்லை.

2. புரட்டுகிறவரின் நிழல் வற்றல்மேல் விழக்கூடாது என்பது வீட்டு வழக்கம். காலையில் மேற்கே நின்றும் பிற்பகலில் கிழக்கே நின்றும் புரட்டுவோம். நிழல் பட்ட துண்டு கறுக்கும் என்பார்கள். அறிவியல் ஆதாரம் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் மருமகள்கள் முதலில் கற்பது இதைத்தான். குடும்ப ஜெபம் அதற்குப் பிறகு.

3. பாறை மேடுபள்ளமாக இருப்பதால் சிமெண்டுத் தளம் போட்டுத் தருமாறு கிராமசபையில் என் அண்ணன் அடைக்கலசாமி கேட்டார். கிடைத்தது, அதே பாறையின் மேல் சுற்றுச்சுவர் எழுப்பித் தகரக் கூரை வேய்ந்த ‘நவீன உலர்களம்’. கூரை எதற்கு என்று கேட்டேன். “வெயில்ல நின்னு எப்படிம்மா வேலை பாப்பீங்க? எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்” என்றார் பொறியாளர். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதனாலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

4. பிப்ரவரியில் திறப்பு விழா. அது மாங்காய்க் காலம் அல்ல. வந்தவர்களுக்கு வெறுங்களத்தைக் காட்டுவது மரியாதை இல்லை என்று, பாறையில் காய்ந்த போன வருஷத்து வற்றலை அண்ணி அடைக்கலமேரி ஒரு கூடை கொண்டுவந்து பரப்பினார். விருந்தினர்கள் ருசித்தார்கள், பாராட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் கைதட்டினேன்.

5. ஏப்ரலில் இவ்வாண்டுக் காயைக் களத்தில் பரப்பினோம். அந்த வாரமே பூசணம் பிடித்தது. திட்டத்தை நிறைவேற்றிய அலுவலகத்தில் முறையிட்டபோது எழுத்தர் அந்தப் படத்தைக் காட்டி, “இம்புட்டு அருமையாக் காஞ்சிருக்கே, டீச்சர். இது ஒங்க வத்தல்தானே?” என்றார். எங்கள் வற்றல்தான். ஆம் என்றேன். மனு முடித்துவைக்கப்பட்டது. அண்ணி இதைத் தன் பாவமென்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாராம். உபசரிப்பு பத்துக் கட்டளைகளில் எதை மீறியது என்று பங்குத்தந்தைக்கும் விளங்கவில்லை.

6. எங்களுடையது ஓட்டு வீடு, மொட்டைமாடி கிடையாது. வேறு பாறையும் இல்லை. மீதிக் காய் மரத்திலேயே பழுக்கத் தொடங்கிவிட்டது. புளிப்பு ரகம், பழுத்தால் அணில்கூடச் சீண்டாது. இந்த வாரமும் காயவைக்க முடியாவிட்டால் தோப்பை விறகுக்குக் கொடுப்பதென்று அண்ணன் மரம் அறுப்பவரிடம் பேசிவிட்டார். அதன்பின் கூரை பயன்படும். நாங்கள் ஒதுங்க வேறு நிழல் இருக்காது.

ஆகவே, தாங்கள் ஒரு நண்பகலில் களத்தை நேரில் பார்த்து, அறுப்பவர் வருமுன் கூரையை மட்டும் கழற்ற ஆணையிட வேண்டுகிறேன். சுவரும் திறப்புவிழாக் கல்வெட்டும் அப்படியே இருக்கட்டும். கல்வெட்டின் நிழல் சிறிதளவே விழும், அதைப் பொறுத்துக்கொள்வோம்.

இடம்: செம்பாறைப்பட்டி
நாள்: 12.05.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சூ. ஞானசெல்வி

இணைப்பு: இவ்வாண்டு வற்றல், ஒரு பொட்டலம். முழுவதும் நவீன உலர்களத்திலேயே காயவைத்தது. சன்னலருகே வைத்துப் பிரிக்கவும்.