ஆஸ்டின் பலகையில் இரண்டு துளைகள்

1973 மே 6, ஞாயிறு

இன்றும் கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. அப்பாவைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிக் கார்க் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தோம், நானும் தளவாய் அண்ணாச்சியும். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு — எதுவும் திரும்பவில்லை. காரைப் பார்த்தால் மட்டும் முகம் கொஞ்சம் தெளிகிறது.

அண்ணாச்சி துறைமுகப் பட்டறையில் அப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். அம்மா இறந்த மறுவருஷம் அப்பா இந்த ஆஸ்டினைக் கழற்றிப் போட்ட நாளிலிருந்து கூடவே இருக்கிறார். முப்பத்தெட்டாம் வருஷ வண்டி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது காயல்பட்டினத்தில் வாங்கியது. பிறகு ஓடாமல் கிடந்து கோழி அடைந்தது. அதன் பச்சை நிறம், விளக்குக் கண்ணாடி, சீட்டுத் தையல் எல்லாம் முதலில் வந்தபடியே இருக்க வேண்டும் என்று அப்பா வருஷக்கணக்கில் மல்லாடினார்.

ஒன்று மட்டும் மிச்சம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்து மரப்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு திருகாணித் துளைகள். இன்று அப்பா இடது கையை நீட்டி அவற்றின் மேல் விரலை வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார்.

“மக்கு வச்சு அடைச்சிரட்டுமா போர்மேன்னு அப்பமே கேட்டேன். தொடாதலன்னுட்டாரு” என்றார் அண்ணாச்சி.

அங்கே ஏதோ இருந்திருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அது என்னவென்று கண்டுபிடித்துத் திரும்ப வைக்க வேண்டும். அப்பாவுக்காக நான் செய்யக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

மே 9

கடிகாரம்! வண்டியோடு வந்த கைப்புத்தகம் அப்பாவின் அலமாரியில் இருந்தது. விலை கூடிய வண்டிகளில் பலகைமேல் சிறிய கடிகாரம் பொருத்தித் தருவார்களாம். படமும் இருக்கிறது. நூலகத்தில் வேலை பார்ப்பதற்கு இந்தப் பலனாவது உண்டு. எதையும் புத்தகத்தில் தேடத் தெரிகிறது.

மே 27, ஞாயிறு

திருநெல்வேலியில் உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து அண்ணாச்சி கடிகாரம் கொண்டுவந்தார். வெள்ளை முகம், மெல்லிய முட்கள். கொட்டகையில் அப்பா பார்க்கவே பலகையில் வைத்தோம். பொருந்தவில்லை. கடிகாரத்தின் திருகாணிகள் இடமும் வலமும். நம்முடைய துளைகளோ மேலும் கீழும்.

“அதனால என்ன, புதுசா ரெண்டு ஓட்டை போட்டாப் போச்சு” என்று அண்ணாச்சி துளைப்பானை எடுத்தார்.

அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. விடவில்லை. வாயோரம் எச்சில் வடிந்தது, கண்ணிலிருந்து நீரும். நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

மே 28

துளைகளை அளக்கவே இல்லையே நான். படத்தைப் பார்த்தேன், முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

காயல்பட்டினம் போய்வந்தேன். பக்கத்து வீட்டுப் பகவதி அக்கா அப்பாவோடு இருந்தாள். காரை அப்பாவுக்கு விற்ற வீட்டில் இப்போது மகன் உவைஸ் ஹாஜியார் இருக்கிறார். அவருடைய வாப்பா கொழும்பில் புதிதாக வாங்கித் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டியாம். கடல் முழுக்க வாப்பா தோணிக்குள் உட்காராமல் கார் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தாராம்.

“கடியாரமா? எங்க வண்டில ஏது கடியாரம்? வாப்பா வாட்ச்சு கட்டியிருப்பாங்க, அது போதும். அந்தப் பலகையை வாராவாரம் எண்ணெ தொட்டுத் தொடைக்கது நானும் எனக்கு மூத்த காக்காவும். ஒரு கீறல் கெடந்தாலும் தோலை உரிச்சிருவாங்க. ஓட்டையாம்ல!”

இஞ்சி டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது ஹாஜியார் வாசல்வரை வந்து, “கண்ணாடி மாதிரிதான் குடுத்தோம், புள்ள. என்ன நடந்திருந்தாலும் ஒங்க வீட்டுலதான் நடந்திருக்கும்” என்றார்.

பஸ்ஸில் வரும்போது உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. எங்கள் வீட்டில். எங்கள் வீட்டில் யார் அப்பாவின் காரில் துளை போட்டிருக்க முடியும்?

ஜூன் 11

அம்மா அந்தக் காரில் ஏறி நான் பார்த்ததே இல்லை. பெட்ரோல் வாடை குமட்டும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் காரில் கோயிலுக்குப் போவோம். அம்மா முன்னாலேயே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வளைவில் அவளைக் கடப்போம்.

பஸ்ஸில் திருநெல்வேலி போகும்போது மட்டும் அவளுக்குக் குமட்டியதில்லை. இதை ஏன் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை?

ஜூலை 8, ஞாயிறு

அந்த வருஷங்களை அறிந்தவர்களில் மிச்சம் அம்மாவின் தங்கை பேபி சித்திதான். கடற்கரைத் தெருவில் இருக்கிறாள். அம்மா கத்தோலிக்க வீட்டுப் பெண். கல்யாணத்துக்காக பிலோமினா என்ற பெயரை விட்டு கிருபாபாய் ஆனாள். உருவம் வைத்துக் கும்பிடாத எங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்கு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. தயங்கித் தயங்கி இன்றுதான் போனேன்.

சித்தி கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வழி தெரிஞ்சுதாக்கும். எஸ்றா மவளுக்குக் கருவாட்டு நாத்தம் ஒத்துக்கிடுமாளா?”

துளைகளைப் பற்றிச் சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். உள்ளங்கையளவு பித்தளைத் தகடு. பனிமய மாதா உருவம். மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை.

“மாதா சுரூபம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு ஒங்க அப்பாவைப் பெத்தவுக சொல்லிட்டாக. அக்கா சோறு திங்காம கெடந்தா. அத்தான் என்ன செஞ்சாரு தெரியுமா? வீட்டுக்குள்ளதான கூடாது, காரு என்ன வீடான்னு சிரிச்சுக்கிட்டே அவரே ஓட்டை போட்டு, அவரே முடுக்கிக் கொடுத்தாரு. அந்தப் பளபளங்குற பலகையில! அக்கா தெருத்தெருவா அவரை ஓட்டச் சொல்லி வந்தா அன்னைக்கு.”

சித்தி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“ரெண்டு வருசம். கோயில் கமிட்டில அத்தானைச் சேக்கப் போனாக. எவனோ வண்டிக்குள்ள எட்டிப் பாத்து, இதென்ன எஸ்றான்னு கேட்டிருக்கான். கோயில் வாசல்லயே அத்தனை சனத்துக்கு முன்னால கழட்டிட்டாரு. அக்கா எறங்கி நடந்தா. சாவுற நாளு வரைக்கும் நடந்தா. இதை அத்தான் எங்கிட்டத்தான் கொண்டாந்து தந்தாரு.”

கேட்டேன். தரமாட்டேன் என்றாள்.

“கழட்டுன கை வந்து கேக்கட்டும்.”

“அந்தக் கைதான் சித்தி விழுந்துபோச்சு.”

அவள் மறுபடியும் கருவாட்டைத் திருப்பிப்போட ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் யாருக்கும் இது தோன்றாது. இரண்டு துளையைக் கண்டால் கடிகாரம் என்றுதான் நினைப்போம்.

ஜூலை 9

அவளைக் கடக்கும்போது நான் கையசைப்பேன். அம்மாவும் குடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள். அப்பா பார்க்கமாட்டார். ரோட்டையே பார்த்து ஓட்டுவார். கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஜூலை 26, வியாழன்

மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். இங்கேவரை வெடிச்சத்தம் கேட்டது. அப்பா விழித்துக்கொண்டு கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா, சித்தி வீட்டுக்குப் போவோமா?” என்று கேட்டேன். கண்ணை மூடினார். திறந்தபோது இடது கை என் கையைத் தேடியது.

ஜூலை 29, ஞாயிறு

அண்ணாச்சி ஓட்டினார். அப்பாவை முன்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தோம். கடற்கரைத் தெருவுக்குள் ஆஸ்டின் நுழைந்ததும் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சித்தி வெளியே வரவில்லை. வெகுநேரம் நின்றோம். வண்டிக்குள் ஒரே வெக்கை.

“போயிருவோமா ஏளா?” என்று அண்ணாச்சி கேட்டபோது கதவு திறந்தது. சட்டம் பேசத் தயாராகத்தான் வந்தாள் சித்தி. காருக்குள் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன அத்தான், இப்படி ஆயிட்டிய...”

அப்பா இடது கையை நீட்டினார். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து. அதையே அவர் கேட்பதாக நான் எடுத்துக்கொண்டேன். சித்தியும் அப்படித்தான் எடுத்திருக்க வேண்டும்.

தகட்டைப் பலகையில் சித்தி பிடித்துக்கொண்டாள். திருகாணியை நான் துளையில் வைத்தேன். பட்டறையில் நூறு பேரை வேலை வாங்கியவர், இடது கையில் திருப்புளியைப் பிடிக்கத் தெரியாமல் தவித்தார். இரண்டு தரம் வழுக்கிப் பலகையில் கோடு விழுந்தது. எத்தனை மாதம் மெழுகு தேய்த்த பலகை! அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மேல் திருகாணி இறங்கியது. அதோடு திருப்புளி கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

“போதும் அத்தான். மத்தத இன்னொரு நாளைக்கிப் போடலாம்” என்றாள் சித்தி.

ஆகஸ்ட் 2

அப்பா போய்விட்டார். விடியும்போது. பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 3

அடக்கம் முடிந்தது. அம்மாவுக்குப் பக்கத்திலேயே. காரும் பின்னால் வந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில், “இன்னைக்கு மட்டும் அதைக் கழட்டி வச்சிரலாமே, பிள்ளே” என்றார்.

“திருகாணி இறுகிப்போச்சு, கழட்ட வராது” என்றேன்.

ஒற்றைத் திருகாணியில் அது ஆடிக்கொண்டிருந்தது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சித்தி கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

சித்தியை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினோம். அம்மா அடக்கத்துக்கும் அவள் வாசலில்தான் நின்றாளாம். முன்சீட்டில் உட்காரவைத்தேன். வண்டி திரும்பும்போதெல்லாம் தகடு ஊசலாடியது. சித்தி விரலால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கீழ்த் திருகாணி என் கைப்பையில் இருக்கிறது. போட்டுவிடவா என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றேன்.

கோயில் வளைவு வந்தது.

“அக்கா இந்த வழியாத்தான் நடப்பாளா?”

“ஆமா சித்தி.”

“நிறுத்தச் சொல்லு.”

இறங்கினாள். நானும் இறங்கினேன். வெயில் ஏறியிருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மாவின் குடையை எடுத்திருந்தேன், அதை விரித்தேன். இரண்டு பேருக்குப் போதவில்லை. ஒட்டிக்கொண்டு நடந்தோம். அண்ணாச்சி எங்களைக் கடந்து போகவில்லை. கல்லறைத் தோட்டம்வரை, நாங்கள் நடந்த வேகத்திலேயே, கார் பின்னால் வந்துகொண்டிருந்தது.