நான்காவது வீட்டில் முசாஃபிர்

ஒரே டீயை இரண்டு கிளாஸில் பிரித்துக் குடித்த என் ஜாஃபருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் அங்கிருந்தே சிரிப்பாய். அதனால் ஊர்வம்பு. மயிலாப்பூரில் மெட்ரோவுக்காக இன்னும் தோண்டுகிறார்கள். அதைவிட வேகமாக என் தொப்பை வளர்கிறது. எதிர்வீட்டு ரிடயர்டு பேங்க் மேனேஜர் தலைக்கு மை பூச ஆரம்பித்துவிட்டார். காரணத்தை உனக்கென்று வைத்திருந்தேன். இனி யாரிடம் சொல்ல?

போன சனிக்கிழமை ஆழ்வார்பேட்டை டீக்கடைக்குப் போனேன். "இன்னா சார், பாய் வர்ல?" என்றார் மாஸ்டர். வாய் கூசாமல், "ஊருக்குப் போயிருக்காரு" என்றேன். "வரட்டும் சார், இஞ்சி தூக்கலா போட்டுத் தர்றேன்" என்றார். பாதி டீயில் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த பெஞ்சில்தானே நம் ஆட்டம்? வளைகுடாவுக்குப் போகிறவர்களின் கல்யாணச் சான்றிதழை அரபியில் பெயர்த்துத் தருவது உன் வேலை. சனிக்கிழமைதோறும் எனக்கென்று ஒரு வார்த்தையோடு வருவாய். அரபு அதற்குப் பிறந்த வீடு. பாரசீகம், துருக்கி, உருது மூன்றும் புகுந்த வீடுகள். மூன்று வீட்டுப் பொருளைச் சொல்லிவிட்டு நான்காவதை என்னை ஊகிக்கச் சொல்வாய். விடை அடுத்த வாரம்தான். அதுவரை செல்போனில் பார்க்கக் கூடாது.

'தமாஷா' நினைவிருக்கிறதா? அரபியில் அது சேர்ந்து நடப்பதில் தொடங்கியதாம். பாரசீகத்துக்குப் போய்ப் பார்ப்பதாகி, உருதுவில் வேடிக்கையானதாம். "எனக்கு அது பிழைப்புடா" என்றேன். இப்போது அந்தப் பிழைப்பும் போய்விட்டது. நான் அனுப்பிய நகைச்சுவைக் கட்டுரையைப் படித்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கிறார் பத்திரிகை ஆசிரியர். சேர்ந்து நடக்க ஆளில்லாமல் தமாஷ் எங்கிருந்து வரும்?

அடையாறு ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தந்த வார்த்தை முசாஃபிர். "அரபியில பயணி. பாரசீகத்துல பஸ்ல ஏறுனவன்கூட முசாஃபிர். உருதுல வழிப்போக்கன், பயணத்துல தங்குற உங்க முசாபரி பங்களா அந்த வழியா வந்ததுதான். துருக்கியில இன்னா, சொல்லு மச்சி?"

"அகதி" என்றேன்.

"டேய் அந்தோணி, உன்னையெல்லாம் எப்பிட்றா பாஸ் போட்டாங்க?" மூக்கில் குழாயோடு சிரித்தாய். நர்ஸ் திட்டியது என்னை. அடுத்த சனிக்கிழமை வந்தது. நீ இல்லை.

செல்போனில் பார்க்க ஒரு நொடி போதும். பார்க்கவில்லை. விடை தெரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடாதா?

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடப் பழக்கம்: செருப்பை உதறிவிட்டு நேரே சமையலறை, உன் மனைவியிடம் "பாபி, டீ." கால் தானாக நடந்தது. ஆம்பூரிலிருந்து வந்திருக்கும் உன் மனைவியின் தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"சார், சார்! உள்ள போகாதீங்க. அக்கா இத்தாவுல இருக்காங்க."

கணவனை இழந்தவர் சில மாதம் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருப்பார் என்று நீயே எப்போதோ சொல்லியிருக்கிறாய். அந்த வெளி ஆண்களில் நானும் சேர்த்தி என்பது மண்டையில் ஏறவே இல்லை, ஜாஃபர். உள்ளே டம்ளர் உருளும் சத்தம். பாபி ஓடி ஒளிகிறார், என்னிடமிருந்து.

கூடத்தில் நல்ல நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தட்டில் பிஸ்கெட், சாஸரோடு கப். உன் வீட்டில் சாஸர் இருப்பதே நேற்றுதான் தெரியும். "நீங்க மச்சானோட ஆபீஸா, சார்?" என்றார் மரியாதையாக.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து உன் மகள் நஸீமாவின் குரல். "அங்கிள், அப்பா உங்க கிட்ட சொல்லச் சொன்னாரு, மறந்தே போய்ட்டேன். துருக்கியில முசாஃபிர்னா விருந்தாளியாம்."

கப்பை சாஸரில் வைத்தேன். பிஸ்கெட்டைத் தின்றேன். விருந்தாளி வேறென்ன செய்வான்?

நீ போன இடத்தில் எந்த மொழி நடக்கிறது? துருக்கி என்றால், சாப்பிட்டாயா என்று யாராவது உன்னைக் கேட்டிருப்பார்கள். அதையாவது நம்பிவிடலாம் என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தேன். முடியவில்லை.

இனி உன் வீட்டுக்கு மணி அடித்துவிட்டு வருவேன். காட்டிய நாற்காலியில் உட்காருவேன், பிஸ்கெட்டை டீயில் முக்கமாட்டேன். ஆனால் வருவேன். டீக்கடை மாஸ்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லமாட்டேன். அந்த ஒரு கடையிலாவது நீ பயணியாகவே இரு.

யார் அக்காவை யார் கட்டினோம் என்று கடைசிவரை தெரியாமலே,
உன் மச்சான்
அந்தோணி