ஒரே இடத்தில் பச்சை

என் அக்காவுக்கு,

கட்டியை எடுத்துத் தையல் போட்ட இடத்தில் வலி குறைந்திருக்கிறதா? ரிப்போர்ட் வாங்க இன்று உன்னோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். சோதனையை வேறு நாளுக்குத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க நாங்கள் செய்த மருந்தை, கட்டி வந்த ஓர் எலிக்கு ஏற்றினோம். எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு கீறித் திறந்து நீல விளக்கைக் காட்டியபோது, அதே இடம் பச்சையாக ஒளிர்ந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த கடுகளவு துணுக்குகூடத் தப்பவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அத்தான் கூப்பிட்டார். "ஓரத்துல கொஞ்சம் தங்கிப்போச்சாம்மா. கண்ணுக்குத் தெரியலையாம். மறுபடி அறுக்கணுமாம்."

போன மாதம் நீ, "உன் மருந்தை எனக்கும் ஏத்தேன்டி, எலிக்கு மட்டும்தானா?" என்று கேட்டாய். மனிதருக்குப் போட இன்னும் பல வருடச் சோதனை பாக்கி என்று சிரித்து மழுப்பினேன். நீ விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நாளை வருகிறேன். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து நீ எழுந்து நடக்கும்வரை உன்னை விட்டு நகரமாட்டேன்.

போனில் நான் அழுததை அத்தான் சொல்லியிருப்பார். அந்த அழுகை, அவர் கூப்பிடுமுன்பே, பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் தொடங்கியது, அக்கா. அதைச் சொல்லாமல் உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை.

உன் தங்கை