உங்கள் விரலில் குறையில்லை

இளவேனில் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் மகளும் நலமா? முதுகுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம்.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, படமெடுத்து இளவேனிலுக்கு அனுப்புகிறேன். கச்சேரியில் ஸ்வரம் பிசிறியதால், என் விரல் வாசிப்பு போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை விற்றுவிடுவேன் என்றீர்களாம். தயவுசெய்து விற்காதீர்கள். தப்பு என்னுடையது.

மாங்கனித் திருவிழாக் கச்சேரிக்கு முன், சத்தம் கூடட்டும் என்று கிட்டார்க் கம்பிகளுக்குக் கீழிருக்கும் காந்தப் பிக்கப்பை நான்தான் திருகி முழுதாக ஏற்றிவைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. இங்கே நான் வேலை செய்யும் பினாங்குக் கிட்டார்ப் பட்டறையிலும் நேற்று அதையே செய்தேன். முதலாளி சிரித்துவிட்டார்.

“காந்தத்த இவ்ளோ கிட்ட வச்சா கம்பி எப்படிம்மா ஆடும்? இழுத்துப் பிடிச்சுக்கும். ஸ்வரம் பிசிறும், நிக்காது.”

நான் இயற்பியல் படித்தவள் என்று அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு பக்கத் திருகையும் கொஞ்சம் இறக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். இங்கே அறையில் ஏசி குளிர் தாங்கவில்லை, என் பச்சைப் போர்வையை யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். வாசிப்பதை இளவேனில் போனில் பதிவுசெய்து அனுப்பட்டும். பதினெட்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை, என்னால் முடியவில்லை.

பட்டறைக்குப் போக வேன் வந்துவிட்டது.

தாமரைச்செல்வி