விண்ணப்பத்தில் நீ ஓட்டிய பத்து வருடம்

ஈஸ்ட் எண்ட், டோர்டோலா தீவு

அன்பு மகள் ஜனெலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் உன் உடம்பிலும் தெம்புக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு நீ எடுக்காததால்தான் எழுதுகிறேன், இதையாவது கடைசி வரை படி.

உன் சிநேகிதர்களுக்கு முன்னால் மானம் போயிற்று என்றாய். என் மானம் முந்தின நாளே போய்விட்டது. நீ ஏஜென்ட் வழியாகப் பாய்ப்படகு வாடகைக்கு எழுதிய விண்ணப்பம், நான் பதினெட்டு வருடமாகப் படகுகளைச் சோதித்து அனுப்புகிற படகுத்துறைக்கே வந்தது. ஆபீஸில் விண்ணப்பங்களைப் பிரிக்கிற அல்வெர்னா எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணே, நம்ம ஜனெல் பத்து வருஷம் உங்க படகுக்குக் கேப்டனா இருந்தாளாமே, சொல்லவே இல்லையே!” என்றாள். சிரித்தார்கள். என் படகில் நீ செய்ததெல்லாம் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்ததுதான். இப்போது நீ வேலை பார்க்கிற வின்னிபெக் ஆஸ்பத்திரியிலிருந்து கடலே பார்க்காத ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு அனகாடா தீவுக்குப் போகப் போகிறாயாம்.

எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றாய். எழுதுகிறார்கள்தான். போன வருடம் அப்படி எழுதிய ஒரு பல் டாக்டர், வெயில் கண்ணில் அடிக்கிற சாயங்காலத்தில் அனகாடா பவளப்பாறைமேல் படகை ஏற்றிவிட்டார். நான்தான் போய் இறக்கினேன். நங்கூரச் சங்கிலியில் மாட்டி அவர் மனைவிக்கு இரண்டு விரல் போயிற்று. அந்தப் பெண் அழவில்லை ஜனெல், விரலைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன், அதனால்தான் முதலாளியிடம் போய் இது பொய் என்று சொன்னேன். அவர், “சொந்தப் பொண்ணையே காட்டிக் குடுக்கறியேப்பா. உன் பேரைப் பாத்து நான் கையெழுத்தே போட்டிருப்பேன்” என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. உன் பயணத் திட்டத்தைப் படித்தேன். ஏழு ராத்திரி, ஏழு தீவு. நம் வீட்டில் ஒரு ராத்திரி கூட இல்லை. நாங்கள் என்ன, சுற்றிக்கொண்டு போக வேண்டிய பாறையா? அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை. நீ சொல்.

படகு ரத்தாகவில்லை, கேப்டனோடு மட்டும் தருவார்கள். யார் என்று கேட்டார்கள், என் பெயரைக் கொடுத்தேன். பிடிக்காவிட்டால் வேறு ஆள் போடச் சொல், வருத்தப்படுவேன், தடுக்க மாட்டேன். ஆனால் நான் வந்தால் முதல் இரண்டு நாள் துறையை விட்டு நகர மாட்டோம். பாய் ஏற்ற, இறக்க, நங்கூரம் போட எட்டுப் பேரும் கற்றுக்கொண்ட பிறகுதான் அனகாடா, அதுவும் வெயில் உச்சியில் இருந்து பாறை தண்ணீருக்குள் தெரியும்போது. சூட்கேஸ் வேண்டாம், வைக்க இடமில்லை, துணிப்பையாகக் கொண்டுவரச் சொல். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளே ஆரம்பி.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், கொஞ்சம் புத்தியும் தரட்டும். ஞாயிறு சர்ச் முடிந்து நாங்கள் வந்ததும் அம்மாவுக்குப் போன் செய். நான் பக்கத்தில்தான் இருப்பேன், பேச மாட்டேன்.

கோபம் தீராத உன் அப்பா,
ஆல்ஃபியஸ் வாண்டர்பூல்