பண்டிகைக் கைதி

காரைக்கால்,
25.10.1976

அன்புள்ள அமுதத்துக்கு, உன் நீலாயதாட்சி எழுதுவது.

நீயும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? நெடுங்காடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஏட்டய்யா தீபாவளியன்று தலையில் எண்ணெய் வைத்து நாலு வருஷமாகிறது. எல்லாம் உன் வீட்டுக்காரர் கோவிந்தராசு மாதிரி ஆட்களால்தான். "சாதா நாள்ல ஈ ஓட்டுறோம். தீபாவளி பொங்கல்னா லீவு, சாராயம், சேக்காளிங்க. பொண்டாட்டிய அடிச்சவனுங்களால லாக்கப்புல நிக்க எடமில்ல" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

காலையில் நீயே புகார் சொல்வாய். சாயங்கால பஸ்ஸில் நீயே வந்து, "கேசு வேணாங்க" என்று கையெழுத்துப் போட்டுப் புருஷனைக் கூட்டிப் போவாய். இந்தத் தடவை நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தாயாம். அப்படியே எங்கள் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தால் என்ன? உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தைக் கடைசியில் நானே தின்றேன்.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
நீலா


வரிச்சிக்குடி,
20.1.1977

பிரியமான நீலாவுக்கு,

கை சரியில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் அல்லி எழுதுகிறாள்; ஏழாவது படிக்கிறாள். அதிரசக் கதையைப் படித்துச் சிரித்தோம்.

நீ அவரைத் திட்டாதே. மற்ற நாளில் எனக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிற மனுஷன். பண்டிகை வந்தால்தான் புத்தி மாறிப்போகிறது. அவரை உள்ளே வைத்துவிட்டு நான் சர்க்கரைப் பொங்கல் தின்றால் ஊர் சிரிக்காதா?

பொங்கலன்று கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலக்கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. வேறு விசேஷமில்லை. ஏட்டய்யாவுக்கு என் வணக்கம்.

அமுதம்

பெரியம்மா, நான் அல்லி. அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறது. அம்மா விழவில்லை. அப்பாதான். தம்பி அதிலிருந்து அப்பா கிட்டவே போவதில்லை.


காரைக்கால்,
29.10.1977

அமுதத்துக்கு,

தை மாதம் ஓடி வந்து உன் கையைப் பார்த்தேன். "விடு நீலா" என்றாய். விட்டேன். சித்திரை வருஷப்பிறப்புக்கும் அவர் உள்ளே. நீ மறுபடி சாயங்கால பஸ்ஸில். இதோ அடுத்த தீபாவளி வந்துவிட்டது. எனக்குக் கோபமெல்லாம் போய்ப் பயம்தான் இருக்கிறது. எந்தப் பண்டிகையில் உன்னைப் பிணமாகப் பார்ப்பேனோ?

ஏட்டய்யாவைக் கேட்டேன். "அவங்க வந்து வேணாங்காம இருந்தா, கேசு தானா கோர்ட்டுக்குப் போயிடும்" என்கிறார். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் கை ஓங்கினால் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடு, புகார் சொல்லியனுப்பு. சாயங்கால பஸ்ஸில் மட்டும் ஏறாதே. அந்த டிக்கெட் காசுக்குப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு வாங்கு.

உன்னை விட மனசில்லாத,
நீலா


வரிச்சிக்குடி,
2.12.1977

என் நீலாவுக்கு, அமுதம் தன் கையாலேயே எழுதுவது.

கேஸ் முடிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். தீபாவளியன்று விடியும் முன்பே குடித்துவிட்டு வந்து உலக்கையைத் தூக்கினார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாவிடம் ஓடி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். அவள் வீட்டுக்காரர் சைக்கிளில் போய்ப் புகார் சொல்ல, போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. பிறகு மூன்று பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். இட்லியும் கறிக்குழம்பும் வைத்தேன்.

பதினொரு மணிக்குப் போலகத்திலிருந்து அவருடைய அண்ணன் முத்தையன் வந்தார். "புருசன் அங்க கெடக்கான், நீ கறி தின்னுக்கிட்டிருக்க. கெளம்பு, பஸ்ஸு போயிடும்" என்றார்.

"நல்ல நாளும் அதுவுமா யாராச்சும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாங்களா? உக்காருங்க, சுழியம் சாப்பிடுங்க" என்றேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. மனுஷர் திட்டிக்கொண்டே நாலு சுழியம் சாப்பிட்டார்.

முந்தாநாள் கோர்ட்டில் நீதிபதி கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவருக்கு ஒரு மாசம் ஜெயில். வெளியே வந்ததும் அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த வீடு என் அப்பா எனக்குக் கொடுத்தது. ஊர் கொஞ்சம் சிரித்தது, சிரித்துவிட்டுப் போகட்டும். நானும்தான் சிரிக்கிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சும்மாதான் தலையைச் சாய்த்தேன். வாசல் கதவு திறந்தே கிடந்தது. தெருவெல்லாம் வெடிச் சத்தம். அல்லி வந்து, "அம்மா, வெளக்கு வைக்கிற நேரமாயிட்டு" என்று எழுப்பும்வரை தூங்கியிருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு பண்டிகை நாளில் நான் தூங்கியது அன்றைக்குத்தான், நீலா.

உன்
அமுதம்